முகாம் போட்டால் போதுமா?

இராமநாதபுரம், கீழக்கரை, பெரியபட்டினம், மண்டபம், பாம்பன்... நம் கடற்கரை ஊர்களில் இலவச சர்க்கரைப் பரிசோதனை முகாம்களுக்குப் பஞ்சமில்லை. பந்தல், பேனர், பிரமுகர்கள், போட்டோ! விரலில் குத்திச் சீட்டு கொடுக்கிறார்கள். பந்தலைப் பிரித்ததும் கதை முடிந்தது. சீட்டு சட்டைப் பையோடு சலவைக்குப் போகிறது.

சர்க்கரை வந்தவரைக் கண்டுபிடிப்பது சரி. வரப்போகிறவரை யார் தேடுவது சகோதரர்களே?

அவரைத் தேட முதலில் ஊசிகூட வேண்டாம். ஓர் இஞ்ச் டேப் போதும். சென்னையில் டாக்டர் மோகன் குழுவினர் 2005இல் வெளியிட்ட கணக்கு இது. வயது 35 முதல் 49 என்றால் 20 மதிப்பெண். 50 ஆகிவிட்டால் 30. ஆணின் இடுப்பு 90 சென்டிமீட்டரைத் தொட்டால் 10, 100ஐத் தொட்டால் 20. பெண்ணுக்கு இதுவே 80, 90. உடற்பயிற்சி, உடலுழைப்பு இரண்டும் இல்லையா? 30. ஒன்று மட்டும் இருந்தால் 20. தாய் தந்தையரில் ஒருவருக்குச் சர்க்கரை என்றால் 10, இருவருக்குமென்றால் 20. கூட்டி 60க்குக் குறையாமல் வந்தால் இரத்தப் பரிசோதனைக்கு முதலில் போக வேண்டியவர் அவர்தான்.

காலை முதல் இரவு வரை கல்லாவில் அமர்ந்திருக்கும் வியாபாரிகள் கூட்டிப் பார்க்கட்டும். நானும் பார்த்தேன். 70! (மேடையில் கையை உயர்த்திப் பேசுவது உடலுழைப்பில் சேராதாம்.)

'எல்லாம் நஸீபு' என்று சிலர் ஒதுங்குகிறார்கள். டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரையின் எல்லையில் நின்ற 531 பேரைத் தொடர்ந்து கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் மூன்றே ஆண்டில் நூற்றுக்கு 55 பேர் நோயாளிகளானார்கள். உணவைத் திருத்தி, நடக்க வைத்து, விடாமல் விசாரிக்கப்பட்டவர்களில் 39 பேர்தான். அந்த 16 பேரைக் காத்தது ஒரு நாள் பந்தலா?

2021இல் அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டு வாசலுக்கே வந்தது. ஆனால் பகலில் நம் ஆண்கள் வீட்டிலா இருக்கிறார்கள்? கடையில்! அவர்களைப் பிடிக்க ஜும்ஆவை விட்டால் வேறு நேரமில்லை. தொழுகை முடிந்ததும் இளைஞர்கள் டேப்பும் நோட்டுமாக நிற்கட்டும். பெண்களைப் பெண்களே அளக்கட்டும். பட்டியலைப் பலகையில் ஒட்டிவிடாதீர்கள். கல்யாணப் பேச்சு நடக்கிற வீடுகள் இருக்கின்றன. 60ஐத் தொட்டவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்திற்குக் கையோடு அழைத்துச் செல்லுங்கள். வந்தவர்களுக்குத் தொதல் கொடுத்து உபசரிக்கவும் வேண்டாம்!

மூன்று மாதம் கழித்து அந்த நோட்டை யார் திறந்து பார்ப்பது என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். பேனரைப் பிறகு அச்சடிக்கலாம்.