குற்றவாளியா, சாட்சியா?



பீங்கான் கிண்ணம் வாங்குவோர் அதனை விரலால் சுண்டிப் பார்ப்பது வழக்கம். கணீரென்று ஒலித்தால் நன்று. ஒலி மழுங்கினால் உள்ளே விரிசல். பீங்கானுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தில் வாழும் நமக்கு இது புதிதன்று. நம் ஊரில் செய்யப்படும் ஃபியூஸ் கட்டை, வீட்டில் மின்சாரம் வெளியே பாயாமல் காக்கிறது. கார் எஞ்சினில் அதே பணியைச் செய்வது, ஸ்பார்க் பிளக்கின் வெண்ணிறப் பீங்கான் உறை. 1902-இல் ஜெர்மனியின் பாஷ் தொழிலகத்தில் கோட்லோப் ஹோனால்டு அமைத்த உயர் மின்னழுத்த மாக்னெட்டோவுடன் இணைந்து இச்சிறு கருவி மோட்டார் உலகில் நிலைபெற்றது.

பல்லாயிரம் வோல்ட் தாங்கும் அவ்வுறையில் மயிரிழை விரிசல் விழுந்தாலும் மின்சாரம் குறுக்கு வழியில் ஓடிவிடும். சிலிண்டரில் பொறி எழாது, வண்டி திணறும், பெட்ரோல் எரியாமலே வீணாகும். செலவு கூடியதும் நாம் முதலில் ஐயுறுவது யாரை? பெரும்பாலும் ஓட்டுநரையே! ஒருவருடைய நற்பெயரும் பிழைப்பும் இதில் அடங்கியிருத்தலால், சோதிக்கும் முறையை நாம் அறிதல் நன்று.

எஞ்சின் ஆறிய பின் பிளக்குகளைக் கழற்றி, எது எந்தச் சிலிண்டருக்குரியது எனக் குறித்து வரிசையாக வைக்க வேண்டும். நுனி இளம்பழுப்பாயின் நலம். உலர்ந்த கரி படிந்திருப்பின் பெட்ரோல் மிகுதியாகச் செல்கிறது. எண்ணெய்ப் பிசுக்காயின் ரிங்கோ வால்வுப் பகுதியோ தேய்ந்து ஆயில் உள்ளே இறங்குகிறது. வெளுத்துக் கொப்பளித்திருப்பின் சூடு மிகுதி.

எந்தச் சிலிண்டர் திணறுகிறது என்பதைப் புதிய வண்டிகளில் பணிமனையின் ஸ்கேனர் காட்டும். அதிலுள்ள பிளக்கை வேறொரு சிலிண்டருக்கு மாற்றுக. திணறலும் உடன் சென்றால் பழுது பிளக்கில்தான். பழைய இடத்திலேயே நின்றால் வேறு காரணம் தேடுக. வெளியே எடுத்துப் பொறி வருகிறதா என்று பார்ப்பது மட்டும் போதாது. திறந்த காற்றில் நன்றாகப் பொறி தரும் பிளக், சிலிண்டரின் அழுத்தத்தில் தவறக்கூடும்.

விரிசலுற்றதை மாற்றியே ஆக வேண்டும். கரி படிந்ததையோ முதலில் விசாரிக்க வேண்டும். காரணத்தை விட்டுவிட்டுப் பிளக்கை மட்டும் மாற்றினால் புதியதும் விரைவில் கறுக்கும். ஏனெனில் அது குற்றவாளியன்று. உள்ளே நடப்பதை உரைக்கும் சாட்சி.

கணக்குக் கேட்க ஓட்டுநரை அழைக்குமுன், அந்தப் பிளக்குகளை மேசைமேல் வரிசையாக வைத்துப் பார்ப்போமாக.