போனில்தான் எல்லாம் இருக்கிறதே!

போன வாரம் டீக்கடையில் ஒரு வாக்குவாதம். எங்கள் பக்கத்து வானொலி நிலையம் ஒன்றில் உள்ளூர் நேயர்களுக்கென்று இருந்த பழைய பாட்டு நேரத்தை வெட்டிவிட்டார்கள். அந்த நேரத்துக்கு வெளியூர் நிகழ்ச்சியை வாங்கி ஓட்டுகிறார்கள். அதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தேன். காலையில் என்னோடு நடக்க வரும் நண்பர், என்னைவிடப் பத்து வயது இளையவர், சிரித்துக்கொண்டே சொன்னார்: "அண்ணாச்சி, இதுக்குப் போயா வருத்தப்படுதிய? எல்லாந்தான் போன்ல இருக்கே. தட்டுனா பாடுது."

சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு அங்கே வாயில் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்ததில் வந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

நான் தபால் இலாகாவில் குப்பை கொட்டியவன். 1970களின் கடைசியில் கோவில்பட்டிப் பக்கம் கவுண்டரில் உட்கார்ந்தபோது, ரேடியோ லைசென்ஸ் கட்ட ஜனங்கள் எங்களிடம்தான் வருவார்கள். வருஷத்துக்கு 15 ரூபாய். சின்னதாக ஒரு புத்தகம். அதில் வில்லையை ஒட்டி முத்திரை குத்திக் கொடுப்போம். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற பெண்கள் முந்தானையில் முடிந்த சில்லறையை எண்ணி வைத்துக் கட்டியதைப் பார்த்திருக்கிறேன். வானொலி அன்றைக்கு ஓசி கிடையாது. காசு கொடுத்தவர்களுக்கு அதன் மேல் உரிமை இருந்தது. அந்த உரிமையில்தான் கார்டு எழுதினார்கள்.

15 காசுக் கார்டு. திருநெல்வேலி நிலையத்துக்குப் போகிறவை தனியாகத் தெரியும். பிறத்தியார் கார்டைப் படிக்கக் கூடாது என்பது விதி. திறந்து கிடக்கிற எழுத்து கண்ணில் படாமல் போகுமா? பாட்டின் முதல் வரி, படத்தின் பெயர், அதற்குக் கீழே வீட்டில் உள்ள அத்தனை பேர் பெயரும். தொட்டிலில் கிடக்கிற பிள்ளை பெயர்கூட இருக்கும். சில நாள் கழித்து நேயர் விருப்பத்தில் அந்தப் பெயர்களைக் கேட்பேன். கழுகுமலை, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு என்று எங்கள் ஊர்ப் பெயர்கள் காற்றில் வரும். பத்திரிகையில் எங்கள் ஊர் வரவேண்டுமென்றால் பஸ் கவிழ வேண்டும். வானொலியில் வர ஒரு கார்டு போதும்.

இது ஒன்றும் சும்மா வந்துவிடவில்லை. திருச்சி நிலையம் 1939-லேயே வந்தது. எங்கள் சீமைக்கு நிலையம் வந்தது 1963 டிசம்பர் 1-ஆம் தேதி. நடுவில் நடந்த கூத்து இன்றைய அதிகாரிகளுக்கு ஞாபகம் இருக்க வேண்டும். 1952-ல் செய்தி ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கருக்கு சினிமாப் பாட்டு பிடிக்காது. ஜனங்களுக்கு நல்ல சங்கீதம் புகட்டுகிறேன் என்று திரைப்பாட்டை ஒதுக்கினார்கள். ஜனங்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பி இலங்கைக்குப் போய்விட்டார்கள். மயில்வாகனனும் பிறகு வந்த கே.எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் நமக்கு வீட்டு மனுஷராக ஆனது அப்படித்தான். டெல்லிக்குப் புத்தி வந்து விவித பாரதியைத் தொடங்கியது 1957 அக்டோபர் 3-ல். நேயரை மதிக்காத நிலையத்தை நேயர் விட்டுவிட்டுப் போவார் என்பது அன்றே படித்த பாடம். இன்று மறுபடியும் அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறோம்.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். போனில் எல்லாம் இருக்கிறது, சரி. போனிடம் எந்தப் பாட்டைக் கேட்பீர்கள்? உங்களுக்கு ஞாபகம் இருக்கிற பாட்டைத்தானே? மறந்துபோன பாட்டை எந்தப் பெயர் சொல்லித் தேடுவீர்கள்? நாற்பது வருஷமாகக் காதில் விழாத ஒரு ஜிக்கி பாட்டு, ஒரு திருச்சி லோகநாதன் பாட்டு, அடுப்படியில் நிற்கும்போது திடீரென்று வந்து நெஞ்சில் இடிக்குமே, அதைச் செய்ய இன்னொரு மனுஷன் வேண்டும். தட்டு அறையில் உட்கார்ந்து, நேற்று போட்டது வேண்டாம், இந்த வாரம் ஜி. ராமநாதன் வரவே இல்லை என்று கணக்குப் பார்த்து எடுத்து வைக்கிற மனுஷன். நிகழ்ச்சி தயாரிப்பு என்பது அந்த வேலைதான்.

தனியார் எப்.எம்.மில் ராத்திரி பழைய பாட்டு வருகிறதே என்பார்கள். வருகிறது. சில வாரம் நோட்டுப் போட்டுக் குறித்துப் பார்த்தேன். அதே பாட்டுகள் செக்குமாடு மாதிரி சுற்றி வந்தன. போதாக்குறைக்கு ஒருநாள் 'கல்யாணப் பரிசு' பாட்டைப் போட்டுவிட்டு, "கவியரசரின் வரிகள்" என்றார் ஒரு தம்பி. அந்தப் படத்துக்குப் பாட்டு எழுதியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். படம் வந்த அதே 1959-ல், 29 வயதில் போய்ச் சேர்ந்தவர். கண்ணதாசனுக்குப் புகழ் குறைவா, இவர் பங்கையும் எடுத்து அவருக்குக் கொடுக்க? படம், பாடியவர், எழுதியவர், இசை என்று நான்கு பெயரையும் சொல்லிவிட்டுப் பாட்டைப் போடுவது அன்று சாதாரண மரியாதை. மருதகாசியையும் தஞ்சை ராமையாதாஸையும் நாம் தெரிந்துகொண்டது அப்படித்தான்.

அடுத்து அஞ்சல். எங்கள் இலாகாவில் அஞ்சல் என்றால் ஜனங்கள் எழுதுவது. வானொலியில் அஞ்சல் என்றால் வேறு நிலையத்து நிகழ்ச்சியை வாங்கி அப்படியே விடுவது. செய்திக்கு டெல்லி அஞ்சல் சரிதான். விளாத்திகுளத்துக் கிழவியின் விருப்பப் பாட்டுக்கும் வெளியூர் அஞ்சலா? ஆள் இல்லை, பணம் இல்லை என்கிறார்கள். ஆள் பற்றாக்குறை நிஜம்தான், நானும் அரசாங்க வேலை பார்த்தவன். ஆனால் வெட்டுகிற கத்தி ஏன் எப்போதும் உள்ளூர் நேரத்தின் மேலேயே விழுகிறது? வான் அலைகள் பொதுச்சொத்து என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பொதுச்சொத்தில் எங்கள் ஊருக்கு ஒரு மணி நேரம் கேட்பது பிச்சையா?

கிழடுகளின் பொழுதுபோக்குக்கு இவ்வளவு பேச்சா என்பவர்களுக்கு ஒன்று. 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த பேய்மழையை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் எத்தனையோ ஊரில் கரண்டும் இல்லை, போனும் இல்லை. எல்லாம் இருக்கிற போன் அன்று வெறும் கண்ணாடிச் சில்லு. அந்த மாதிரி நேரத்தில் இரண்டு பேட்டரியில் பேசுவது டிரான்சிஸ்டர் மட்டுமே. ஆனால் வெள்ளம் வரும் என்று யாரும் பேட்டரி வாங்கி வைப்பதில்லை. பழைய பாட்டு கேட்கத்தான் வாங்கிப் போடுகிறோம். பாட்டை நிறுத்தினால் பேட்டரி நிற்கும். பேட்டரி நின்றால், ஆபத்துக்கு நீங்கள் அலறினாலும் கேட்க ஆள் இருக்காது.

தப்பு நம் பக்கமும் உண்டு. "நேயர்கள் யாரும் எழுதுவதில்லை" என்று நிலையத்தார் சொன்னால் என்ன பதில் வைத்திருக்கிறோம்? நான் ஓய்வு பெறும்போதே கவுண்டரில் கார்டு கேட்பவர்கள் அருகிப் போயிருந்தார்கள். நானே கடைசியாக எப்போது எழுதினேன் என்று ஞாபகம் இல்லை. டீக்கடையில் புலம்பியதோடு சரி.

ஆகையால் இன்று காலை தபால் ஆபீசுக்குப் போய்ப் பத்துக் கார்டு வாங்கினேன். ஒன்று 50 காசு. முதல் கார்டில் மூன்று கோரிக்கை எழுதினேன்: தினம் ஒரு மணி நேரம் உள்ளூர் நேயர் விருப்பம்; ஒவ்வொரு பாட்டுக்கும் நான்கு பெயர்; ஒரு மாதத்துக்குள் அதே பாட்டு திரும்பக் கூடாது. கீழே ஒரு பாட்டும் கேட்டு, வீட்டில் எல்லோர் பெயரையும் எழுதினேன். பேத்தி பெயர் முதற்கொண்டு.

மீதி ஒன்பதில் ஒன்றை டீக்கடை நண்பருக்குக் கொடுத்திருக்கிறேன். எட்டு இருக்கிறது. வேண்டியவர்கள் வீட்டுக்கு வரலாம்.