கணக்கைப் பார்த்தவர் யார்?

வருமான வரிப் படிவமாகட்டும், இன்ஷூரன்ஸ் விண்ணப்பமாகட்டும், மேலே கண்டவை யாவும் உண்மை என்று நாம் கையொப்பம் இடுவது கடைசியில்தான். எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகு சத்தியம் செய்து என்ன பயன்? முதலிலேயே கையொப்பம் வாங்கிவிட்டால் எழுதுகிறவரின் மனச்சாட்சி விழித்துக்கொள்ளாதா? 2012-ம் வருஷத்தில் அமெரிக்காவில் ஐந்து ஆராய்ச்சியாளர்கள் இப்படித்தான் வாதித்தார்கள். மூன்று பரிசோதனைகளை ஆதாரமாகக் காட்டினார்கள். அந்நாட்டுத் தேசிய விஞ்ஞான அகாடமியின் சஞ்சிகையில் கட்டுரை வெளியாயிற்று.

செலவில்லாத யோசனை, கையொப்பக் கட்டத்தை இடம் மாற்றினால் போதும். அரசாங்கங்கள் ஆவலோடு எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. அமெரிக்க மத்திய சர்க்கார், தனக்குச் சாமான் விற்கும் வியாபாரிகளின் படிவத்தில் அதைச் சோதித்தது. குவாத்தமாலாவில் வரிப் படிவத்தில் செய்து பார்த்தார்கள். அங்கே பலன் ஏதும் தெரியவில்லை. 2020-ல் அந்த ஐவருமே, வேறு சிலரோடு சேர்ந்து, பெரிய அளவில் மறுபடியும் சோதித்துவிட்டு, கையொப்பத்தை மேலே வைப்பதால் பயன் இல்லை என்று எழுதினார்கள். இதுவரை குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆராய்ச்சியில் தவறுவது சகஜம்.

ஆனால் அந்தச் சமயத்தில் பழைய பரிசோதனையின் மூலக் கணக்குகளும் வெளியிடப்பட்டன. அங்கேதான் வந்தது வினை.

மூன்றாவது பரிசோதனை ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கார் பாலிஸிகளைப் பற்றியது. மொத்தம் 13,488 பாலிஸிகள். கார் எத்தனை மைல் ஓடியது என்று சொந்தக்காரர்களே எழுதிக் கொடுத்த கணக்கு. யூரி சிமன்சோன், ஜோ சிம்மன்ஸ், லீஃப் நெல்சன் என்ற மூன்று பேராசிரியர்கள், பெயர் வெளியிடாத சில ஆராய்ச்சியாளர்களின் உதவியோடு இதைப் பரிசீலித்து, 2021 ஆகஸ்டில் முடிவை வெளியிட்டார்கள். ஊரில் பெரும்பாலோர் நடுத்தரமாகக் கார் ஓட்டுவார்கள். மிக அதிகம் ஓட்டுகிறவர் சிலரே. இந்தக் கணக்கிலோ சொற்ப மைல் ஓட்டியவர்கள் எத்தனை பேரோ, ஏறக்குறைய அத்தனை பேரே 40,000 மைலும் ஓட்டியிருந்தார்கள்! 50,000 மைலில் பட்டியல் கத்தியால் வெட்டியதுபோல் நின்றது. கையால் எழுதுகிறவர்கள் ஐந்நூறு, ஆயிரம் என்று முழு எண்ணாக எழுதுவது வழக்கம். இரண்டாம் தடவை கொடுத்த கணக்கில் அந்த வழக்கமே மாயமாய் மறைந்திருந்தது. போதாக்குறைக்கு, முதல் தடவைக் கணக்கில் பாதி எண்கள் ஒருவகை எழுத்திலும் மறுபாதி வேறு வகை எழுத்திலும் இருந்தன. கள்ளப் பத்திரம் தயாரிப்பவன்கூட மையை மாற்ற மாட்டான்.

கட்டுரை வாபஸ் பெறப்பட்டது. கம்பெனியிடமிருந்து கணக்கை வாங்கிவந்தவர் டியூக் சர்வகலாசாலைப் பேராசிரியர் டான் ஏரியலி. தாம் எதையும் திருத்தவில்லை என்றார் அவர். தாங்கள் கொடுத்ததற்கும் அச்சில் வந்ததற்கும் பொருத்தமில்லை என்றது கம்பெனி. சர்வகலாசாலை விசாரணையில் தாம் பொய்க் கணக்குத் தயாரித்ததாக ருசுவாகவில்லை என்று 2024-ல் ஏரியலி தெரிவித்தார். அப்படியானால் எண்களை மாற்றியது யார்? இன்றளவும் பொதுமக்களுக்கு விடை கிடைக்கவில்லை.

கதை இத்துடன் நிற்கவில்லை. அதே கட்டுரையின் முதல் பரிசோதனையை நடத்தியவர் ஹார்வர்ட் வியாபாரக் கல்லூரியின் பேராசிரியை பிரான்செஸ்கா ஜினோ. அதிலும் சில வரிகள் இடம் பெயர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன என்று 2023 ஜூனில் அதே மூவர் எழுதினார்கள். ஜினோவின் வேறு மூன்று கட்டுரைகளையும் சேர்த்தே குற்றம் சாட்டினார்கள். கல்லூரி தானே விசாரித்து அவரை விடுப்பில் அனுப்பிற்று. 2025 மே மாதத்தில் அவருடைய நிரந்தரப் பதவி பறிக்கப்பட்டது. ஹார்வர்டில் பல பத்தாண்டுகளாக நடவாத காரியம் இது. தாம் எந்தக் கணக்கையும் புரட்டவில்லை என்பதே அவர் ஆரம்பமுதல் சொல்லிவருவது.

நாணயத்தைப் பற்றிய ஒரே கட்டுரையில் இரு வேறு கணக்குகள் தனித்தனியே சந்தேகத்துக்கு உள்ளாயின என்பது விசித்திரந்தான். அதைவிட யோசிக்க வேண்டியது வேறொன்று. ஒன்பது வருஷம் இது எப்படி யார் கண்ணிலும் படவில்லை? காரணம் எளிது: யாரும் பார்க்கவில்லை. சஞ்சிகைக்காகக் கட்டுரையை மதிப்பிடுகிறவர்கள் பொதுவாக எழுதியதைத்தான் படிக்கிறார்கள். மூலக் கணக்கைக் கேட்பது அபூர்வம். உடன் எழுதியவர்களோ ஒருவரை ஒருவர் நம்பினார்கள். நம்மூர்க் கூட்டுறவுப் பண்டகசாலைக்குக்கூட வருஷத்துக்கு ஒரு முறை ஆடிட்டர் வருகிறார். ஒரு நாட்டின் வரிப் படிவத்தையே மாற்றத் தூண்டும் ஆராய்ச்சிக்கு அந்த ஆடிட்டரும் கிடையாது.

கேட்பவர்களுக்குக் கிடைப்பது என்ன? ஜினோ சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரையை ஒரு மாணவி டாக்டர் பட்ட ஆராய்ச்சியின்போது சந்தேகித்தாள். அந்த விமரிசனத்தை நீக்கினாலொழிய கையொப்பமிட மாட்டோம் என்றார்கள் அவளுடைய பரீட்சகர்கள். நீக்கித்தான் பட்டம் வாங்க வேண்டியிருந்தது. பிறகு அவள் அந்தத் துறையில் நீடிக்கவில்லை. மூன்று பேராசிரியர்கள்மீதும் ஹார்வர்டின்மீதும் ஜினோ 2023 ஆகஸ்டில் இரண்டரைக் கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். வக்கீல் செலவுக்காகப் பொதுமக்களும் சக ஆராய்ச்சியாளர்களும் மூன்று லட்சம் டாலருக்கு மேல் நிதி திரட்டிக் கொடுத்தார்கள். 2024 செப்டம்பரில் அவதூறு வழக்கை நீதிபதி தள்ளுபடி செய்தார். ஹார்வர்டுடன் ஏற்பட்ட ஒப்பந்தம் பற்றிய பிராது மட்டும் விசாரணைக்கு நின்றது. அந்த மூவரும் இந்த வேலையைச் செய்தது எவருடைய உத்தரவின்பேரிலும் அல்ல.