எட்டணாவும் இருபத்தேழு கோடியும்

2024 நவம்பர் 24ஆம் தேதி சவூதி அரேபியாவின் ஜெட்டா நகரத்தில் ஐ.பி.எல். ஏலம் நடந்தது. ரிஷப் பந்த்தை லக்னோ அணி 27 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அதற்குக் கொஞ்ச நேரம் முன்புதான் ஸ்ரேயாஸ் ஐயரைப் பஞ்சாப் அணி 26.75 கோடிக்கு எடுத்திருந்தது. மறுநாள் காலை நான் வேலை பார்க்கிற வங்கியில் இதே பேச்சு. ‘ஒரு ஆளுக்கு இம்புட்டுக் காசு தகுமாய்யா?’ நான் பணம் எண்ணுகிறவன். எனக்கு அது கட்டுக் கணக்காகத்தான் தெரிந்தது. ஐந்நூறு ரூபாய்த் தாளில் நூறு தாள் ஒரு கட்டு. 27 கோடி என்றால் 5,400 கட்டு. எங்கள் கிளையில் ஒரு நாளும் அவ்வளவு பணம் இருந்ததில்லை.

அன்றைக்கு அங்கே இரண்டு கட்சி. திறமைக்குச் சந்தை தருகிற விலை இது, உனக்கென்ன வயிற்றெரிச்சல் என்றது ஒரு கட்சி. இடஒதுக்கீட்டில் பதவி உயர்வு வாங்கிய நம்ம ஆட்களைப் பார்த்து ‘தகுதி, திறமை’ என்று முணுமுணுக்கிற அதே வாய்தான் இதையும் சொன்னது. இன்னொரு கட்சி நம் தோழர்கள். கிரிக்கெட்டே பார்ப்பன, பனியா சூதாட்டம், அதில் எவனுக்கு எவ்வளவு போனால் நமக்கென்ன என்றார்கள். இரண்டு பதிலும் எனக்கு ஒப்பவில்லை. முதலாவது பதில் கேள்வியையே மூடிவிடுகிறது. இரண்டாவது பதில் நம்மை மைதானத்துக்கு வெளியே நிறுத்துகிறது. நம்மை வெளியே நிறுத்த ஏற்கெனவே ஆள் இருக்கிறது. நாமாகவே போய் நிற்க வேண்டியதில்லை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2025 பருவத்தில் ரிஷப் பந்த் எடுத்தது 269 ஓட்டம். ஒரு ஓட்டத்துக்குப் பத்து லட்சம் ரூபாய். அதில் 118 ஓட்டம் கடைசி ஆட்டத்தில் வந்தது. லக்னோ ஏழாவது இடத்தில் முடித்தது. வெங்கடேஷ் ஐயருக்குக் கொல்கத்தா கொடுத்தது 23.75 கோடி, அவர் எடுத்தது 142 ஓட்டம். ஒரு ஓட்டம் பதினாறு லட்சத்துக்கு மேலே போகிறது. ஸ்ரேயாஸ் ஐயர் 604 ஓட்டம் எடுத்து அணியை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். அதற்கு முந்தைய ஆண்டு 24.75 கோடிக்கு வந்த மிட்செல் ஸ்டார்க் முதல் இரண்டு ஆட்டத்தில் ஒரு விக்கெட்கூட எடுக்கவில்லை, கேலி பேசினார்கள். இறுதி ஆட்டத்தில் அவர்தான் ஆட்டநாயகன், கொல்கத்தாவுக்குக் கோப்பை. ஆக, விலைக்கும் விளையாட்டுக்கும் நேரான உறவு எதுவும் கிடையாது. சிலது பலிக்கிறது, சிலது பலிக்கவில்லை.

அப்படியானால் முதலாளிகள் ஏமாளிகளா? அவ்வளவு சீக்கிரம் அவர்களுக்காகப் பரிதாபப்பட வேண்டாம். 2023 முதல் 2027 வரை ஐந்தாண்டுக்கு ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை 48,390 கோடிக்குப் போனது. வருஷத்துக்கு 9,678 கோடி. இதில் ஏறக்குறைய பாதி அணிகளுக்குப் பங்காக வருகிறது. சட்டை விளம்பரம், நுழைவுச்சீட்டு எல்லாம் தனி. ஆனால் 2025க்கான ஏலத்தில் ஒரு அணி ஆட்டக்காரர்களுக்காகச் செலவழிக்க வாரியம் வைத்த உச்சவரம்பு 120 கோடி. பத்து அணிக்கும் சேர்த்து 1,200 கோடி. ஒளிபரப்புக் காசில் மட்டும் பார்த்தால் எட்டில் ஒரு பங்கு. ஆட்டத்துக்கு 7.5 லட்சம் என்று தருகிற ஊதியத்தைச் சேர்த்தாலும் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாது. அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தில் வருமானத்தில் ஏறக்குறைய பாதி ஆட்டக்காரர்களுக்கு. காரணம், அங்கே ஆட்டக்காரர்களுக்குச் சங்கம் இருக்கிறது, உட்கார்ந்து பேரம் பேசி வாங்கியிருக்கிறார்கள். இந்தியாவில் 2019இல் வந்த ஆட்டக்காரர் சங்கம் ஓய்வு பெற்றவர்களுக்கானது. ஆடிக்கொண்டிருக்கிறவனுக்காகப் பேச எவருமில்லை.

இந்த உச்சவரம்பில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. மொத்தம் 120 கோடிதான் என்றால், ஒருவருக்குக் கொடுக்கிற 27 கோடி முதலாளியின் லாபத்திலிருந்து வருவதில்லை. அதே அணியில் 30 லட்சம் அடிப்படை விலைக்கு எடுக்கப்படுகிற பையன்களின் பங்கிலிருந்து வருகிறது. ஒருத்தனைக் காட்டி ஊரைப் பிரமிக்க வைத்துவிட்டு மற்றவனிடம் மிச்சம் பிடிக்கிற வித்தை. இது நமக்குப் புதுசா? பண்ணையில் ஒரு கங்காணிக்குக் கூடுதல் படி நெல் அளந்து மற்றவன் கூலியைக் குறைத்த கதைதான். ஆக, ‘தகுமா’ என்ற கேள்விக்குப் பதில்: முதலாளிக்குத் தகும். தாராளமாகத் தகும். ஆட்டக்காரர் கொள்ளையடிக்கவில்லை. 27 கோடி வாங்குகிறவரும் உழைப்பை விற்கிறவர்தான்.

இதை அடிமைச் சந்தை என்று சில தோழர்கள் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அடிமைக்கு விலை இருந்தது, அந்த விலை அவன் கைக்கு வரவில்லை. இங்கே வருகிறது. ஏலம் என்றால் எனக்கு ஞாபகம் வருவது கண்மாய் மீன் ஏலமும் புளியமர ஏலமும்தான். ஊர் கூடி ஏலம் விடும். மடை வெட்டியவனும் கரை போட்டவனும் ஓரமாக நிற்பான். கேட்கக் கை தூக்கினால் அன்றைக்கு ராத்திரி சேரிக்குள் கல் விழும். அங்கே மீன் என்ன விலைக்குப் போனது என்பது சேரிக்காரனின் கவலையே இல்லை. ஏலக் களத்துக்குள் கால் வைக்க யாருக்கு அனுமதி என்பதுதான் அவன் கேள்வி. கிரிக்கெட்டிலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி அதுவே.

பல்வங்கர் பாலுவை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தார்வாரில் பிறந்தவர், தோல் தொழில் செய்த சமார் சமூகம். புனேயில் பார்சிகளின் கிளப்பில் தரை கூட்டி உருளை இழுக்க மாதம் 3 ரூபாய். பிறகு வெள்ளைக்காரர்களின் புனே கிளப்பில் 4 ரூபாய். வலை கட்டுவது, கோடு போடுவது, துரைமார் பயிற்சிக்குப் பந்து வீசுவது. கிரெய்க் என்ற துரை, தன்னை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறையும் அவருக்கு எட்டணா கொடுத்ததாகச் சொல்லப்படுகிறது. மட்டையை மட்டும் அவர் கையில் கொடுக்கவேயில்லை. பந்து வீசுவது வேலைக்காரன் காரியம், மட்டை பிடிப்பது எஜமான் காரியம்.

அந்தப் பந்துவீச்சு இல்லாமல் வெள்ளையரை ஜெயிக்க முடியாது என்று தெரிந்த பிறகுதான் புனே இந்துக்கள் அவரை அணியில் சேர்த்தார்கள். மைதானத்துக்குள் எல்லோரும் ஒரே பந்தைத் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, குடித்துவிட்டுத் தூக்கிப்போடுகிற மண் குவளையில். 1906இல் பம்பாயில் ஐரோப்பியரை இந்துக்கள் அணி தோற்கடித்ததில் அவர் பங்கு உண்டு. 1911இல் இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட். அவ்வளவு செய்தும் தலைமைப் பதவி மட்டும் வரவில்லை. அவர் தம்பி விட்டலுக்கு 1923இல்தான் அது கிடைத்தது, அதுவும் சகோதரர்கள் அணியை விட்டு விலகிப் போராடியதற்குப் பிறகு. 1937 தேர்தலில் அண்ணல் அம்பேத்கரை எதிர்த்துக் காங்கிரஸ் அவரையே நிறுத்தியது, அவர் தோற்றார். நமக்குச் சங்கடமான பக்கம்தான், மறைக்க வேண்டியதில்லை. மண் குவளை கொடுத்தவர்களுக்கு அவருடைய மதிப்பு எவ்வளவு என்று நன்றாகவே தெரிந்திருந்தது. தேவைப்பட்ட நேரத்தில் எடுத்துக்கொண்டார்கள்.

இதெல்லாம் பழங்கதை, இப்ப யார் சாதி பார்க்கிறான் என்பார்கள். 2023 மே மாதக் கடைசியில் ஐ.பி.எல். இறுதி ஆட்டம் குஜராத்தில், அகமதாபாத்தில் நடந்தது. ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதே குஜராத்தில் பாட்டன் மாவட்டத்துக் காகோஷி கிராமம். பள்ளி மைதானத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த தலித் சிறுவன் ஒருவன் தன் பக்கம் வந்த பந்தை எடுத்தான். பந்தைத் தொட்டதற்காக வசவு, மிரட்டல். தட்டிக்கேட்ட குடும்பத்தைத் தேடிவந்து தாக்கினார்கள். அந்தக் குடும்பத்து ஆள் ஒருவரின் கட்டைவிரலை வெட்டினார்கள். ஏகலைவன் கதையைப் புராணம் என்று சொல்லுகிறவர்கள் இதற்கு என்ன பெயர் வைப்பார்கள்?

2018இல் எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி இதழில் ஒரு கட்டுரை வந்தது. அதுவரை இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடிய 290 ஆண்களில் தலித்துகள் நான்கு பேர் மட்டுமே என்றது. நிறவெறி ஆண்ட தென்னாப்பிரிக்கா, 2016 முதல் தேசிய அணியில் ஒரு பருவத்தின் சராசரியாக வெள்ளையரல்லாதவர் ஆறு பேர், அதில் கறுப்பு ஆப்பிரிக்கர் இரண்டு பேர் என்று இலக்கு வைத்துக்கொண்டது. இங்கே அந்தப் பேச்சை எடுத்தாலே தேசத்துரோகம். ‘திறமை’ என்று நம் வாயை அடைப்பார்கள். எட்டணாவுக்குப் பந்து வீசிய பாலுவிடம் இல்லாத திறமையா?

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஏலம் சில பூட்டுகளை உடைத்தும் இருக்கிறது. சேலம் பக்கம் சின்னப்பம்பட்டியில், சாலையோரக் கடை போட்டுப் பிழைத்த தாயின் மகன் நடராஜன். 2017 ஏலத்தில் பத்து லட்சம் அடிப்படை விலையிலிருந்து 3 கோடிக்குப் போனார். பிறகு இந்தியாவுக்கு ஆடினார், சொந்த ஊரில் மைதானம் அமைத்தார். தேர்வுக்குழு வீட்டுத் திண்ணையில் காத்துக் கிடக்க வேண்டிய நிலையைப் பணம் ஓரளவு மாற்றியது உண்மை. அந்த அளவுக்கு நான் ஏலத்தை வரவேற்கிறேன். ஆனால் ஏழைப் பையன் ஒருவன் தப்பி மேலே வந்ததைக் காட்டி, வர முடியாத ஆயிரம் பேரின் கணக்கை அடைக்கப் பார்ப்பதை ஏற்க முடியாது.

அந்த மைதானங்களை உருட்டி, தண்ணீர் ஊற்றி, மழையில் தார்ப்பாய் இழுக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பாலு பார்த்த வேலை. 2024 பருவம் முடிந்ததும் பத்து முக்கிய மைதானங்களின் பணியாளர்களுக்கு மைதானத்துக்கு 25 லட்சம் என்று வாரியம் பரிசு அறிவித்தது. ஒரு மைதானத்து ஆட்கள் அத்தனை பேரும் பிரித்துக்கொள்ள வேண்டிய தொகை. 2025 ஜூன் 4 அன்று பெங்களூரில் கோப்பை கொண்டாட்ட நெரிசலில் 11 பேர் செத்தார்கள். அந்த அணி, இறந்தவர் குடும்பத்துக்கு அறிவித்ததும் 25 லட்சம். பந்த்தின் கணக்கில் இரண்டரை ஓட்டம். கைதட்டுகிறவன் உயிருக்கும் தரை உருட்டுகிறவன் வியர்வைக்கும் இந்த விளையாட்டு போட்டிருக்கிற விலை இதுதான். இதை யாரும் ‘தகுமா’ என்று கேட்கவில்லை.

இந்தியக் கிரிக்கெட் வாரியம் தமிழ்நாட்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவான ஒரு சங்கம். அதைத் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் கொண்டுவரும்படி 2018இலேயே சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. நாம் கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்போம். மாவட்ட அணியிலிருந்து மாநில அணி வரை தேர்வாகிறவர்களின் சமூகக் கணக்கை வெளியிடு. மைதானப் பணியாளருக்குப் பரிசு வேண்டாம், வருமானத்தில் பங்கு கொடு. ஒளிபரப்புக் காசில் ஒரு பகுதியைச் சேரிப் பிள்ளைகள் படிக்கிற அரசுப் பள்ளி மைதானங்களுக்குச் செலவிடு.

தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் மைதானம் எந்தப் பக்கம் இருக்கிறது? அதில் நம்ம பையன்கள் மட்டை பிடிக்க முடிகிறதா, இல்லை பந்து பொறுக்க மட்டுமா? பந்து ஊருக்குள் விழுந்தால் போய் எடுக்க முடிகிறதா? நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்புங்கள். இதழில் வெளியிடுவோம். வாரியம் எடுக்காத கணக்கை நாம் எடுக்கத் தொடங்குவோம்.