இடுப்பு வலிதானே என்று விட்டுவிடாதீர்கள்



தோட்டத்தில் இடுப்பு வலி இல்லாத ஆளைக் காண்பது அரிது. கொழுந்துக் கூடையின் பாரம், உரமூட்டையோடு சரிவில் ஏறுவது, கவ்வாத்துக்குக் குனிந்தே நிற்பது என்று முதுகை வைத்துத்தான் நமது பிழைப்பு நடக்கிறது. வலித்தால் தைலம் பூசுகிறோம். டிஸ்பென்சரியில் நாலு குளிசை வாங்குகிறோம். மறுநாள் மலைக்குப் போகிறோம். பெரும்பாலான இடுப்பு வலி சில வாரங்களில் தணிந்தும் விடுகிறது.

ஆனால் வாரக் கணக்கில் பொறுத்திருக்கக் கூடாத ஒரு வகையும் உண்டு. அதைச் சொல்லவே இந்தத் தலையங்கம்.

முள்ளந்தண்டுக்குள் இறங்கி வரும் முண்ணாண் இடுப்புக்குச் சற்று மேலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்புகள் குதிரையின் வால்போலக் கொத்தாகத் தொங்குகின்றன. வைத்தியர்கள் இதைக் ‘கோடா ஈக்வைனா’ என்கிறார்கள். லத்தீனில் அதற்குக் குதிரைவால் என்றே பொருள். கால்களின் பலம், சிறுநீரையும் மலத்தையும் அடக்கும் சக்தி, தாம்பத்திய உணர்வு எல்லாம் இந்த நரம்புகளில்தான் இருக்கின்றன. முள்ளெலும்புகளுக்கு நடுவிலுள்ள வட்டு பிதுங்கி இந்தக் கொத்தை நசுக்கினால், சத்திரசிகிச்சை செய்து அழுத்தத்தை உடனே நீக்க வேண்டும். இது அபூர்வமாகவே வரும். வந்த பின் நாள் கடத்தினால், நடக்க முடியாமலும் வாழ்நாள் முழுவதும் சிறுநீர்க் குழாயோடும் இருக்க நேரிடலாம்.

இடுப்பு வலியோடு இவற்றில் ஒன்று புதிதாகத் தோன்றினாலும் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்:

- வலி ஒரு காலோடு நில்லாமல் இரண்டு கால்களுக்கும் இறங்குவது, அல்லது கால்கள் பலமிழப்பது.
- மறைவிடத்திலும் ஆசனவாயைச் சுற்றியும் உள்தொடையிலும் மரத்துப்போவது, கழுவும்போது கை படுவது தெரியாதிருப்பது.
- சிறுநீர் கழிக்க முடியாதது, போவதே தெரியாதிருப்பது, அல்லது அடக்க முடியாதது.
- மலத்தை அடக்க முடியாதது.
- தாம்பத்திய உணர்வு திடீரென்று குறைவது.

இதை முதலில் கண்டுபிடிக்கக்கூடியவர்களில் ஒருவர் பிசியோதெரபிஸ்ட். வைத்தியர் ஒரு தடவை பார்த்து அனுப்பிய நோயாளியை அவர் வாராவாரம் பார்க்கிறார். போன வாரம் ஒரு காலில் இருந்த வலி இந்த வாரம் இரண்டு காலிலும் இருக்கிறதே என்று கவனிக்க அவருக்கே வாய்ப்பு அதிகம். கவனித்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு நோயாளியை அவசர சிகிச்சைக்கு அனுப்புவது அவர் கடமை. பல நாட்டு இயன்மருத்துவர்கள் சேர்ந்து, முதுகெலும்பின் ஆபத்தான நோய்களைக் கண்டறியும் வழிகாட்டியை 2020 இல் வெளியிட்டார்கள். இங்கிலாந்தில் 2023 இல் வந்த வழிமுறை, இந்தச் சந்தேகம் எழுந்து எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கேட்டால் 4 மணித்தியாலத்துக்குள் எடுக்க வேண்டும் என்கிறது. அங்கே மணிக்கணக்கு பார்க்கிற நோய்க்கு, இங்கே நாம் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்கலாமா?

நம் பக்கத்தில் வேறு இரண்டு தடைகளும் உண்டு. ஒன்று வெட்கம். மூத்திரம் போவது தெரியவில்லை என்று ஆண் வைத்தியரிடம் எந்த அக்கா சொல்வார்? பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று அடக்கிக்கொள்வார். மற்றது மொழி. மகளிடம்கூடத் தமிழில் சொல்லத் தயங்குவதைக் கண்டியில் ஒரு வார்டில் சிங்களத்தில் எப்படிச் சொல்வது? நோயாளி சொல்லட்டும் என்று காத்திருந்தால் காலம் போய்விடும். கேட்க வேண்டியவர்கள்தான் கேட்க வேண்டும்.

எனவே நமது கோரிக்கைகள் இவை. இடுப்பு வலியோடு வரும் எல்லோரிடமும் இந்தக் கேள்விகளைக் கேட்பதற்குத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்ட அட்டை ஒவ்வொரு தோட்ட டிஸ்பென்சரியிலும், ஒவ்வொரு அரசாங்க பிசியோதெரபி பிரிவிலும் இருக்க வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகம் நமது மலைகளுக்கு நடுவிலேயே பிசியோதெரபிஸ்ட்களைப் பயிற்றுவிக்கிறது. அவர்கள் தெல்தோட்டை, ஹேவாஹெட்ட, மடுல்கலைப் பக்கத் தோட்டங்களுக்கு வந்து டிஸ்பென்சரி ஊழியர்களுக்கும் மாதர் கமிட்டிகளுக்கும் இதை விளக்க ஏற்பாடு வேண்டும். அவசரமாக வைத்தியசாலைக்குப் போனவருக்கு அன்றைய பேர் வெட்டப்படக் கூடாது.

கோரிக்கை நிறைவேறும் வரை நாமும் சும்மா இருக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன அறிகுறி கண்டால் கொழுந்து லொறிக்குக் காத்து நிற்காமல் 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸை அழையுங்கள். வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தால், டிஸ்பென்சரித் துண்டில் சிங்களத்தில் எழுதி வாங்கிக் கொண்டுபோய் நீட்டுங்கள். வேலையில் விழுந்தோ பாரம் தூக்கியோ வந்த வலியென்றால், அன்றைக்கே தோட்ட அலுவலகத்தில் பதியச் செய்யுங்கள். நட்டஈடு கேட்க அது உதவும். தோட்டத் தலைவர்களும் மாதர் தலைவிகளும் மாதக் கூட்டத்தில் இந்த அறிகுறிகளை உரக்க வாசித்துக் காட்டுங்கள்.

இன்றிரவு வீட்டில் இடுப்பு வலியோடு படுத்திருப்பவரிடம் தைலத்தை நீட்டும் முன், ஒரு கேள்வி கேளுங்கள்: மூத்திரம் ஒழுங்காகப் போகிறதா? கேட்பதில் வெட்கமில்லை. கேட்காமல் விட்டால் ஒரு ஆளின் கால்களே போய்விடலாம்.