காமிராவுக்குத் தெரியாத கணக்கு

தென்னாப்பிரிக்காவில் கேப்டவுன் நகரிலிருந்து கிழக்குக் கேப் மாகாணத்துக்குப் போகும் வழியில், போஃபர்ட் வெஸ்ட் என்ற ஊரைத் தாண்டியதும் நீண்டதொரு நெடுஞ்சாலை. 2011ஆம் ஆண்டில் அதன் 71.6 கிலோ மீட்டர் தூரத்துக்குப் புதுக் காவல் போட்டார்கள். தொடக்கத்தில் ஒரு காமிரா. முடிவில் ஒரு காமிரா. வண்டியின் எண்ணையும் நேரத்தையும் இரண்டும் குறித்துக்கொள்ளும். தூரத்தை நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம் வந்துவிடும். காமிராவைக் கண்டதும் பிரேக்கை மிதித்து, கடந்ததும் பறக்கும் வித்தை இங்கே பலிக்காது.

நல்ல ஏற்பாடுதான், நாம் மறுக்கவில்லை. ஆனால் இதனால் யார் திருந்தினார்கள்? ஸ்டெல்லன்போஷ் பல்கலைக் கழக ஆய்வாளர்கள் இந்தச் சாலையை ஆராய்ந்தார்கள். கார் ஓட்டுவோர் கட்டுப்பட்ட அளவுக்கு மினிபஸ் டாக்சி ஓட்டுநர்கள் கட்டுப்படவில்லை என்று கண்டார்கள்.

உடனே சீமான்கள் சொல்வார்கள்: "டாக்சிக்காரன் முரடன், சட்டத்தை மதியாதவன்!" அப்படித்தானா? கணக்கைப் பார்ப்போம்.

அங்கே காருக்கு அனுமதி மணிக்கு 120 கிலோ மீட்டர். ஆள் ஏற்றும் மினிபஸ்ஸுக்கு 100. அந்தச் சாலையைக் கடக்கக் காருக்கு 36 நிமிடம்; டாக்சிக்கு 43. ஏழு நிமிடம்தானே என்று தோன்றும். ஆயிரத்து இருநூறு கிலோ மீட்டர் பயணத்திலோ அது இரண்டு மணி நேரம்! சொந்தக் காரில் போகிறவருக்கு அது ஓய்வு நேரம். டாக்சி ஓட்டுநருக்கு அது கூலி.

எப்படி? பெரும்பாலான ஓட்டுநர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. வசூலில் இத்தனை என்று முதலாளிக்கு முதலில் கட்டியாக வேண்டும். மிஞ்சினால்தான் அவர் வீட்டில் அடுப்பெரியும். சில இடங்களில் வசூலில் பங்கு. எந்த முறையானாலும் நடை கூடினால் சோறு. நடை குறைந்தால் பட்டினி. கிறிஸ்துமஸ், ஈஸ்டர் நாட்களில் ஊர் திரும்பும் தொழிலாளர் கூட்டம் அலைமோதும். அப்போது ஒரு நடை முடிந்ததும் உறங்காமல் அடுத்த நடைக்குத் திரும்பச் சொல்வது யார்? காமிராவா, முதலாளியின் கணக்குப் புத்தகமா?

இந்தத் தொழில் பிறந்த கதையையும் மறக்க வேண்டாம். கறுப்புத் தொழிலாளியை நகரத்துக்கு வெகு தொலைவில் குடியேற்றியது நிறவெறி ஆட்சி. 1957இல் பஸ் கட்டணம் ஒரு பென்னி உயர்ந்ததும் அலெக்சாண்ட்ரா மக்கள் மாதக்கணக்கில் நடந்தே வேலைக்குப் போனார்கள். மக்களுக்குப் போதிய பஸ் விடாத அதே ஆட்சி, 1980களின் கடைசியில் டாக்சித் தொழிலைப் போட்டிச் சந்தையில் தள்ளிவிட்டுக் கைகழுவியது. அந்தப் போட்டியின் பாரத்தை இன்றும் ஸ்டியரிங் பிடிப்பவனே சுமக்கிறான்.

சட்டம் இல்லையா? உண்டு. டாக்சித் தொழிலாளர்க்குக் குறைந்தபட்சக் கூலியும் வேலை நேர வரம்பும் வகுத்த விதிகள் 2005இலேயே வந்துவிட்டன. வேகத்தை அளக்க இரண்டு காமிரா வைத்தவர்கள், வேலை நேரத்தை அளக்க ஒரு கடிகாரமாவது வைத்தார்களா என்று கேட்கிறோம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். வேகத்துக்கு நாம் வக்கீல் அல்ல. டாக்சி கவிழ்ந்தால் மடிவது யார்? பின்சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் தொழிலாளியும் வீட்டு வேலைக்காரியும், முன்சீட்டில் ஓட்டுநர். வண்டியின் சொந்தக்காரர் அதில் இருப்பதில்லை. ஆகவே காமிரா இருக்கட்டும். ஆனால் நிரந்தரக் கூலி வரட்டும். நீண்ட பயணத்துக்கு இரண்டாம் ஓட்டுநர் வரட்டும். ஓய்வின்றி ஓட்டச் சொல்லும் முதலாளிக்கும் அபராதச் சீட்டு போகட்டும்.

வேகத்தை மட்டும் அளந்து, வேகத்தை விளைவிக்கும் பசியை அளக்காத சட்டம் பாதிச் சட்டம். மீதிப் பாதியை எழுத வைப்பது தொழிலாளர் சங்கத்தின் பலமே!