காதுக்கு எதற்குக் கண்காட்சி?

பாட்டுக் கேட்பதற்கென்று உருவான ஒரு செயலி, கேட்பதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் நம்மை அழைக்கத் தொடங்கிவிட்டால், அதைக் கேள்வி கேட்பது ரசிகரின் கடமையாகிறது. இப்படிச் சொன்ன மாத்திரத்தில், ‘புதுமையை ஏற்க முடியாத தலைமுறையின் புலம்பல்’ என்று முத்திரை குத்தி ஒதுக்கிவிடும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. ஆகவே முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். நான் ஒலிநாடாவுக்காகவோ வானொலிப்பெட்டிக்காகவோ வழக்காட வரவில்லை. மதுரை மணி ஐயரையும் நுஸ்ரத் ஃபதே அலி கானையும் ஒரே மாலைப்பொழுதில் அடுத்தடுத்துக் கேட்கும் வாய்ப்பு நம் தந்தையர்க்குக் கிட்டவில்லை, நமக்குக் கிட்டியிருக்கிறது. அந்த நன்மையை மறுப்பதற்கில்லை. என் குற்றச்சாட்டு ஒன்றே ஒன்றுதான்: இசையைக் கேட்பவர்க்குக் காட்ட வேண்டிய செயலி, கேட்பவரை ஊருக்குக் காட்டுவதில் முனைந்து நிற்கிறது.

பொதுப்படையாகப் பேசிப் பயனில்லை என்பதால் இத்துறையின் முன்னோடியான ஸ்பாட்டிஃபையையே எடுத்துக்கொள்வோம். 2006இல் ஸ்டாக்ஹோமில் தோன்றி, 2008இல் ஐரோப்பாவில் சேவையைத் தொடங்கி, 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்த நிறுவனம் இது. 2011 செப்டம்பரில் இந்நிறுவனம் ஒரு விதி செய்தது. புதிதாகச் சேர்பவர் எவராயினும் ஃபேஸ்புக் கணக்கு வைத்திருந்தால்தான் சேரலாம் என்பது அந்த விதி. கேட்கும் பாடல்கள் ஃபேஸ்புக் நண்பர்களின் பார்வைக்குத் தாமாகவே போய்ச் சேரும் ஏற்பாடும் அப்போதுதான் வந்தது. எதிர்ப்புக் கிளம்பிய சில நாள்களுக்குள் ‘தனிமையில் கேட்கும்’ வசதி ஒன்று அவசரமாகச் சேர்க்கப்பட்டது. ஃபேஸ்புக் கட்டாயமும் பின்னர்க் கைவிடப்பட்டது. இங்கே கவனிக்க வேண்டியது வரிசைமுறையை. முதலில் கதவைக் கழற்றினார்கள்; வீட்டுக்காரர் சத்தம் போட்ட பிறகு ஒரு திரைச்சீலையைத் தொங்கவிட்டார்கள்.

நண்பர்களுக்கிடையே செய்தி அனுப்பும் வசதியின் கதை இன்னும் விசித்திரமானது. ஒரு பாடலை இன்னொருவர்க்கு இரண்டு வரிக் குறிப்புடன் அனுப்பலாம் என்றிருந்தது. 2017இல் அதை நீக்கினார்கள். பயன்படுத்துவோர் குறைவு என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. 2025 ஆகஸ்டில் அதே வசதி, புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதைப் போன்ற ஆரவாரத்துடன் திரும்பி வந்தது. வேண்டாதவர் அணைத்துவைக்கலாம் என்பதை நேர்மையுடன் குறிப்பிட்டாக வேண்டும். ஆனால் எட்டு ஆண்டுகளுக்கு முன்பு தங்களுக்குள் பாடல்களைப் பரிமாறிக்கொண்டிருந்த அந்தச் சிலரை ஒரு பொருட்டாகவே மதிக்காத நிறுவனம், இன்று நட்பின் அருமையை நமக்குப் போதிக்கும்போது சிரிப்பு வருகிறது. கொடுத்ததும் எடுத்ததும் மீண்டும் கொடுத்ததும் யாருடைய தேவைக்காக?

‘இசை என்பதே கூட்டு அனுபவம்தானே? தனித்திருந்து கேட்பது அண்மைக்காலப் பழக்கமல்லவா?’ என்று இலக்கிய நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. கோயில் மண்டபத்து நாகஸ்வரமும், கல்யாண வீட்டு ஒலிபெருக்கியும், தேநீர்க்கடை வானொலியும் ஊரே சேர்ந்து கேட்டவை. கச்சேரியில் ஒரு நல்ல சங்கதி விழும்போது பக்கத்து இருக்கைக்காரரை நாம் திரும்பிப் பார்க்கிறோம். அவரும் நம்மைப் பார்க்கிறார். அந்த ஒரு கணப் பார்வையைவிடச் சிறந்த பகிர்தல் உலகில் எங்கும் இல்லை. இலங்கை வானொலியின் நேயர் விருப்ப நிகழ்ச்சிகளில் பாடலுக்கு முன்னால் ஊர்ப் பெயர்களும் ஆட்பெயர்களும் வரிசையாக ஒலித்ததை நாற்பதைக் கடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தம் பெயர் காற்றில் வரும் அந்த நொடிக்காகக் காத்திருந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர்.

ஆனால் அந்த நேயர் ஓர் அஞ்சலட்டை வாங்கினார், தம் கையால் எழுதினார், தபால்பெட்டியில் போட்டார். எந்தப் பாடலோடு தம் பெயர் சேர்ந்து ஒலிக்க வேண்டும் என்பதை அவரே முடிவு செய்தார். விரும்பிக் கேட்ட பாடல் ஒன்று. ஊரறியச் சொல்லாமல் மனத்துக்குள் வைத்துக்கொண்ட பாடல்கள் நூறு. அந்த நூற்றையும் எவரும் எட்டிப் பார்க்கவில்லை. பகிர்தல் என்பது கேட்பவரின் வினை. அவரே அதன் எழுவாய். செயலி இந்த வாக்கியத்தைச் செயப்பாட்டு வினையாக மாற்றிவிட்டது. ‘அவர் பகிர்ந்தார்’ என்பது ‘அவரால் கேட்கப்பட்டது காட்டப்பட்டது’ என்றாகிவிட்டது. இலக்கணம் மாறும்போது அறமும் மாறுகிறது.

என் சக ஆசிரியர் ஒருவர் தாயை இழந்த சில வாரங்களில், உறக்கம் வராத இரவுகளில் பழைய தாலாட்டுப் பாடல் ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். அவர் பயன்படுத்தியது எந்தச் செயலி என்பது இங்கே முக்கியமில்லை. ஒரு காலையில் ஆசிரியர் அறைக்குள் நுழைந்தவரிடம், ‘என்ன சார், ராத்திரி மூன்று மணிக்குத் தாலாட்டு?’ என்று பழைய மாணவர் ஒருவர் விளையாட்டாகக் கேட்டார். மாணவர்மேல் தவறில்லை, அவர் கண்ணுக்கு அது வந்து நின்றது, அவர் பார்த்தார். கேட்கப்பட்டவரோ அன்று மாலையே அந்தச் செயலியை நீக்கிவிட்டார். துக்கத்துக்கு ஓர் அறை வேண்டும். இசை பல நூற்றாண்டுகளாக மனிதர்க்கு அந்த அறையாக இருந்து வந்திருக்கிறது. அதன் சுவரைக் கண்ணாடியாக்கியவர்களை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

தனிமை வேண்டுமென்றால் அதற்கும் பொத்தான் இருக்கிறதே என்பார்கள். ஸ்பாட்டிஃபையில் அதன் பெயர் ‘தனிப்பட்ட அமர்வு’. ஏதோ அலுவலகக் கூட்டம்போல அதற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. நெடுநேரம் செயலியைத் தொடாமல் விட்டால் அமர்வு தானாகவே முடிந்துவிடும். மறுபடி வேண்டுமென்றால் மறுபடி கேட்டுப் பெற வேண்டும். வெளிச்சம் நிலையானது, இருள் தற்காலிகமானது என்று தீர்மானித்த இந்த வடிவமைப்பு, தனிமையை உரிமையாகக் கருதவில்லை. இரவல் பொருளாகக் கருதுகிறது.

இனித் திரைக்கு வருவோம். 2023 மார்ச்சில் இச்செயலியின் முகப்பு மாற்றியமைக்கப்பட்டது. டிக்டாக்கில் காணொளிகளைத் தள்ளிக்கொண்டே போவது போல, பாடல்களின் துண்டுகளையும் அசையும் படங்களையும் விரலால் மேலே தள்ளிக்கொண்டே போகலாம். காதுக்குரிய பொருள் கட்டைவிரலுக்குரிய பொருளாயிற்று. ஒரு பாடல் முப்பது விநாடி ஓடிவிட்டால் அது ‘கேட்கப்பட்டதாக’ இச்சேவையின் கணக்கில் ஏறிவிடும் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். முப்பது விநாடியில் ஒரு தோடி ஆலாபனை எங்கே நிற்கும்? பாடகர் ஆதார ஷட்ஜத்தில் நின்று ராகத்தின் வாசற்படியைத் தொட்டிருப்பார். அவ்வளவுதான். ஒரு மணி நேர ராகம் தானம் பல்லவி ஒரே தடமாக ஏற்றப்பட்டிருந்தால் அதற்கும் ஒரு எண். இரண்டு நிமிடத் துள்ளல் பாட்டுக்கும் ஒரு எண். இப்படி எண்ணுகிற தராசு, நீண்டு நிதானமாகக் கேட்பவரைத் தன் வாடிக்கையாளராக நினைத்திருக்க வாய்ப்பில்லை.

கேட்பவரைப் பற்றிய அக்கறை எவ்வளவு என்பதை அளக்க ஓர் எளிய வழி இருக்கிறது. எது விரைந்து வந்தது, எது காத்திருந்தது என்று பாருங்கள். ஒலியின் தரம் குன்றாமல் பாடல்களை அளிக்கப்போவதாக 2021 பிப்ரவரியில் இந்நிறுவனம் அறிவித்தது. அவ்வாண்டிலேயே வரும் என்றும் சொன்னது. வந்ததோ 2025 செப்டம்பரில். நாலரை ஆண்டுகள்! அதற்கு இடையில் தள்ளிப் பார்க்கும் முகப்பு வந்தது. பாட்டுக் காட்சித்துண்டுகள் வந்தன. செய்திப்பெட்டியும் ஒரு மாதம் முந்திக்கொண்டு வந்து சேர்ந்தது. இசைச் செயலி ஒன்றில் கடைசி வரிசையில் நிற்க வைக்கப்பட்டது ஒலி.

வரிசைமுறை இன்னொரு சான்று. ஓர் இசைத்தொகுப்பைத் திறந்தால் பாடல்களைக் கலைத்துப்போட்டு இயக்கும் பொத்தானே முதன்மையாக முன்நிற்கும் நிலை பல ஆண்டுகள் நீடித்தது. 2021 நவம்பரில் ஆங்கிலப் பாடகி அடெல், தம் தொகுப்பின் வரிசை ஒரு கதையைச் சொல்கிறது, அதைக் குலைக்காதீர்கள் என்ற பொருளில் வேண்டிக்கொண்ட பிறகே, கட்டணம் செலுத்துவோர்க்கு அது மாற்றப்பட்டது. நல்லதே நடந்தது, அடெலுக்கு நன்றி. ஆனால் புத்தகத்தை முதற்பக்கத்திலிருந்து படிக்கும் உரிமைக்கு உலகப் புகழ்பெற்ற ஒருவரின் பரிந்துரை தேவைப்பட்டது என்பதை மறந்துவிடலாகாது.

தமிழ் ரசிகர்க்கு உரிய தனித்த குறை ஒன்றும் உண்டு. திரைப்பாடலை நாம் படத்தின் பெயர், எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் என்று நான்காகப் பிரித்து அறிந்தவர்கள். வானொலி அறிவிப்பாளர்கள் நமக்குத் தந்த கல்வி அது. செயலியிலோ இசையமைப்பாளரும் பாடகர்களும் சில வேளை பாடலாசிரியரும் ‘கலைஞர்’ என்னும் ஒரே தலைப்பின் கீழ்க் காற்புள்ளியிட்டு அடுக்கப்படுகிறார்கள். யார் எழுதினார், யார் பாடினார் என்று பிரித்தறிய வேண்டுமானால் வேறொரு பக்கத்துக்குள் புகுந்து தேட வேண்டும். தேடினாலும் எல்லாப் பாடலுக்கும் விவரம் முழுமையாக இருப்பதில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என்று ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே இடம் ஒதுக்கி இலக்கணம் சொல்லியிருக்கிறார். பனையோலையில் கிடைத்த இடம் தொடுதிரையில் கிடைக்கவில்லை. நண்பர் என்ன கேட்கிறார் என்று காட்ட இடமிருக்கிற திரையில், பாட்டை எழுதியவர்க்கு மட்டும் இடமில்லையாம்.

ஆண்டிறுதியில் நடக்கும் சடங்கைச் சொல்லாமல் முடிக்க முடியாது. ‘ராப்ட்’ என்ற பெயரில் 2016 முதல் ஒவ்வோர் ஆண்டும் நாம் எத்தனை நிமிடம் கேட்டோம், யாரை அதிகம் கேட்டோம் என்று வண்ண அட்டைகளில் அச்சிட்டதுபோலத் தருகிறார்கள். ஊருக்குக் காட்டுவதற்கென்றே அளவெடுத்துச் செய்யப்பட்ட அட்டைகள் அவை. 2025இல் ஒருபடி மேலே போய், நாம் கேட்ட பாடல்கள் வெளிவந்த காலத்தை வைத்து நமக்குக் ‘கேட்கும் வயது’ ஒன்றையும் கணித்தார்கள். அரியக்குடியைக் கேட்பவர்க்கு நூறு வயதாகிவிடும்போலும்! இந்த அறிக்கை நவம்பர் இறுதியிலோ டிசம்பர் முதல் வாரத்திலோ வந்துவிடுவதால் டிசம்பர் மாதம் கணக்கில் வருவதில்லை. சென்னைக்காரர்க்கு அதுதான் இசைவிழா மாதம். ஆண்டிலேயே அதிகம் இசையில் தோய்ந்திருக்கும் மார்கழியை விட்டுவிட்டு எழுதப்படும் ஆண்டறிக்கை எவருடைய ஆண்டைப் பற்றியது? இளைஞர்கள் சிலர் தங்கள் அட்டை கௌரவமாக அமைய வேண்டுமே என்பதற்காகச் சில பாடல்களைத் தவிர்க்கிறோம் என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். எவரும் பார்க்காதபோது எதைக் கேட்கிறோமோ அதுதான் நம் ரசனை. பார்ப்பவர்க்காகக் கேட்கத் தொடங்கிய நாளில் ரசனை முடிந்து வேடம் தொடங்குகிறது.

‘பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்களேன்’ என்பது கடைசி வாதம். விட்டுவிட்டு எங்கே போவது? ஒலிநாடாக் கடைகள் மூடப்பட்டுவிட்டன. குறுந்தகட்டை இயக்கும் கருவியும் பல வீடுகளில் இல்லை. புதிய பாடல்களில் பெரும்பாலானவை இத்தகைய சேவைகளின் வழியாகவே நம்மை வந்தடைகின்றன. ஊர்க்கிணறுகளையெல்லாம் மூடவிட்டு ஒரே குழாயில் தண்ணீர் விடுபவர், ‘வேண்டாமென்றால் குடிக்காதே’ என்று சொல்வது தருக்கமல்ல, திமிர்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தனிமை இயல்பாகவும், காட்டுதல் விருப்பமாகவும் இருக்கட்டும். சமூக வசதிகள் அனைத்தையும் ஒரே இடத்தில், ஒரே பொத்தானில், நிரந்தரமாக அணைத்துவைக்க வழி இருக்கட்டும். தொகுப்பு அதன் வரிசையில் ஒலிக்கட்டும். எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், வாசித்தவர் பெயர்கள் பாடல் ஒலிக்கும் திரையிலேயே தெரியட்டும். இவற்றுள் எதுவும் தொழில்நுட்பத்தால் ஆகாத காரியமல்ல. நம் நண்பர் நள்ளிரவில் கேட்கும் பாடலைக் கண்டறிந்து நொடியில் நமக்குச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு, அந்தப் பாடலை எழுதியவர் யார் என்று சொல்வதா கடினம்?